அறுபது போதும்

அத்தியாயம் பதினேழு

கிரிஜாவின் வீட்டில் லேப்டாப்பை நூறு வரை சார்ஜ் செய்வது, செருப்புக் காலோடு பூஜை அறைக்குள் போவதற்குச் சமம். யாராவது செய்தால் அவள் திட்டமாட்டாள். முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொண்டு பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் போவாள். அதற்குத் திட்டே தேவலாம்.

நூறிலேயே நிறுத்தி வைத்தால் பேட்டரிக்குச் சீக்கிரம் வயதாகிவிடும். அடியோடு தீரவிட்டாலும் ஆகாது. மெத்தை மேல் வைத்து வேலை பார்த்தால் சூடு ஏறும். சூடு எல்லாவற்றையும்விடக் கெடுதல். எப்போதும் பிளக்கிலேயே கிடக்கிற லேப்டாப் என்றால், அறுபதோடு நிறுத்திக்கொள்ளும்படி செட்டிங்கில் ஒரு கட்டுப் போட்டுவிட வேண்டும். இதெல்லாம் அவள் எங்கோ படித்துவிட்டுச் சொல்கிற சமாச்சாரம் அல்ல. ஜெர்மனியில், எர்லாங்கனில் ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில், பேட்டரிகள் எப்படிக் கிழடாகின்றன என்று பார்ப்பதுதான் அவளுக்குச் சோறு போடுகிற வேலை.

அவள் கணவன் சிதம்பரம் வேறு ரகம். அவன் திருச்சியில் இன்ஜினியரிங் படித்தது மின்வெட்டு உச்சத்தில் இருந்த வருஷங்களில். கரண்ட் இருக்கும்போதே எல்லாவற்றையும் ஏற்றி வைத்துக்கொள்ள வேண்டும் என்பது அவன் ரத்தத்தில் ஊறிய பழக்கம். ஜெர்மனிக்கு வந்த ஆறு வருஷத்தில் வீட்டில் ஒரு நாள்கூடக் கரண்ட் போனதில்லை. ஆனாலும் பிளக்கைக் கண்டால் அவன் கை சும்மா இராது. அவனுக்கு வேலை இருந்தவரை இந்தச் சண்டை அவர்கள் வீட்டில் ஒரு விளையாட்டாகத்தான் நடந்துகொண்டிருந்தது.

போன வாரம் அவன் கிரிஜாவிடம் வாங்கிய சத்தியம் உங்களுக்கு நினைவிருக்கும். நியூரம்பர்க் கம்பெனி ஆட்களைக் குறைத்தபோது வெளியே வந்தவன் சிதம்பரம். எத்தனையோ இடங்களில் முட்டி மோதிய பிறகு, அக்கா நிருபமாவின் தயவில் ஒரு கம்பெனியின் கடைசிச் சுற்று இன்டர்வியூ வாய்த்தது. நிருபமா பிராங்பேர்ட்டில் வங்கி ஒன்றில் இருப்பவள். யாரிடமும் எதற்கும் வாய் திறந்து கேட்டுப் பழக்கமில்லாதவள், தம்பிக்காகக் கேட்டாள்.

"இதுவும் போச்சுன்னா ஊருக்குப் போயிடுவோம். நீ அதுக்கு மேல ஒண்ணும் சொல்லக் கூடாது" என்று சிதம்பரம் கையை நீட்டினான். கிரிஜா கையில் அடித்துச் சத்தியம் செய்தாள். ஊருக்குப் போக அவளுக்கு ஆசை ஒன்றும் இல்லை. அவனுக்கு இந்த வேலை கிடைத்துவிடும் என்று மனதார நம்பினாள், அவ்வளவுதான்.

அவளுக்கும் ஒன்று காத்திருந்தது. ஆராய்ச்சிக் கூடத்தின் தலைவி டாக்டர் லிண்ட்னர், அவளை நிரந்தரமாக வைத்துக்கொள்ளத் தயார் என்று சொல்லியிருந்தார். வருஷா வருஷம் ஒப்பந்தத்தைப் புதுப்பித்துப் புதுப்பித்தே காலம் ஓடுகிற அந்த உலகத்தில், நிரந்தரம் என்பது லேசில் காதில் விழுகிற வார்த்தை இல்லை. பதில் சொல்ல இன்று கடைசி நாள்.

இன்டர்வியூவும் இன்றுதான். போதாததற்கு, வீட்டில் கரண்ட் இல்லாமல் போவதும் இன்றுதான்.

*

அது திடுதிப்பென்று வந்தது அல்ல. ஜெர்மனியில் கரண்ட்கூடச் சொல்லிக்கொண்டுதான் போகும். கட்டடத்தில் பழைய மீட்டர்களை மாற்றுகிறார்கள், காலையிலிருந்து மதியம் வரை மின்சாரம் இருக்காது என்று முன்கூட்டியே மாடிப்படி அருகில் ஒட்டிவிட்டார்கள்.

இன்டர்வியூவை வேறு நாளைக்கு மாற்றிக் கேட்கலாமே என்றாள் நிருபமா. வீட்டில் கரண்ட் இல்லை என்று காரணம் சொன்னால் சிரிப்பார்கள் என்று சிதம்பரம் மறுத்துவிட்டான். நூலகத்துக்குப் போகலாம் என்றால், அங்கே வாய் திறந்து பேச முடியாது. போனில் ஹாட்ஸ்பாட் போட்டு, லேப்டாப்பை பேட்டரியில் ஓட்டி, வீட்டிலேயே உட்கார்ந்து பேசிவிடுகிறேன் என்றான்.

நேற்று சாயங்காலம் அவன் கிரிஜாவிடம் வந்து நின்றான்.

"நாளைக்கு ஒரு நாள் மட்டும் அந்த லிமிட்டை எடுத்துடு கிரி. நூறு போட்டுக்கறேன்."

ஒரு கிளிக்கில் எடுத்திருக்கலாம். ஒரு நாள் நூறு ஏற்றுவதால் பேட்டரிக்கு ஒன்றும் ஆகிவிடாது. வெளியாள் யாராவது கேட்டிருந்தால் கிரிஜாவே தாராளமாக ஏற்றிக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்லியிருப்பாள். ஆனால் கேட்டது வீட்டுக்காரன். தினசரி நடக்கிற சண்டையின் சூட்டில் அவளுக்குள் இருந்த கெட்டிக்காரி முந்திக்கொண்டாள். லேப்டாப் ஐந்து வருஷப் பழசுதான். ஆனாலும் பார்த்துப் பார்த்து வைத்திருக்கிற பேட்டரி. வீடியோ ஓடினாலும் அறுபதிலேயே இரண்டு மணி நேரம் தாங்கும். இன்டர்வியூவோ ஒரு மணி நேரம்.

"அறுபது போதும். என்னை நம்புங்க" என்றாள்.

அவனும் நம்பினான்.

காலையில் கரண்ட் போவதற்கு முன்பே நிருபமா காபி போட்டு பிளாஸ்க்கில் ஊற்றி வைத்துவிட்டாள். தம்பிக்குத் துணையாக இருக்க வேண்டும் என்று முந்தின நாளே ரயிலேறி வந்திருந்தாள். சிதம்பரம் மேலே இஸ்திரி போட்ட நீலச் சட்டையும் கீழே லுங்கியுமாக மேஜை முன்னால் உட்கார்ந்திருந்தான். கிரிஜா சைக்கிள் சாவியை எடுத்தாள். லேப்டாப்பின் சார்ஜரையும் சுருட்டிப் பைக்குள் போட்டுக்கொண்டாள். ஆராய்ச்சிக் கூடத்தில் அவள் பயன்படுத்துகிற பழைய லேப்டாப்புக்கும் அதே உருண்டை முனைதான். கரண்ட் இல்லாத வீட்டில் சார்ஜருக்கு என்ன வேலை?

"நிஜமாவே போதும் இல்ல?" என்றான் சிதம்பரம், அவள் வாசலைத் தாண்டும்போது.

அவள் சிரித்துக்கொண்டே கதவைச் சாத்தினாள்.

*

நவம்பர் குளிரில் சைக்கிள் மிதித்து வந்து, கை உறையைக் கழற்றி, கணினியைத் திறந்து உட்கார்ந்தவளுக்கு வேலை ஓடவில்லை. பக்கத்து மேஜை கீர்த்தனன் இரண்டு முறை முகத்தைப் பார்த்துவிட்டு, மூன்றாவது முறை ஒரு கோப்பைத் தேநீரைக் கொண்டுவந்து வைத்தான். ஜெர்மனியிலேயே, வுப்பர்டாலில் பிறந்து வளர்ந்தவன். அப்பா அம்மா யாழ்ப்பாணம். அவனுடைய ஒப்பந்தமும் இந்த வருஷத்தோடு முடிகிறது. கிரிஜா வேண்டாம் என்றால் அந்த இடம் அவனுக்குத்தான். அதை அவன் ஒளித்துப் பேசியதில்லை.

"நீங்கள் எடுங்கோ அக்கா. உங்களுக்குப் பிறகுதான் நான்" என்று போன வாரமே சொல்லிவிட்டான். நல்ல பையன்.

நிருபமாவின் போன் வந்தபோது கிரிஜா எழுந்து நடைபாதைக்குப் போனாள். இவ்வளவு சீக்கிரம் முடிந்துவிட்டதா, அப்படியென்றால் நல்ல செய்திதான் என்று அந்த நான்கு எட்டுக்குள் ஒரு கோட்டையே கட்டிவிட்டாள்.

"பாதியில ஆஃப் ஆயிடுச்சாம் கிரிஜா" என்றாள் நிருபமா.

"எது அண்ணி?"

"லேப்டாப். பேட்டரி போயிடுச்சுன்னு ரூமை விட்டு வெளியே வந்து நிக்கறான். அவங்க பேசிக்கிட்டே இருக்கும்போது அணைஞ்சு போச்சாம்."

போனிலாவது திரும்பச் சேர்ந்திருக்கலாமே என்று கிரிஜா கேட்டாள். ஸ்க்ரீனைக் காட்டிக்கொண்டே ப்ரோக்ராம் எழுதச் சொல்லியிருந்தார்களாம். போனில் எப்படி எழுதுவான் என்று நிருபமா திருப்பிக் கேட்டாள். பேட்டரி தீர்ந்துவிட்டது, மன்னிக்கவும் என்று ஒரு மெயில் மட்டும் போட்டிருக்கிறான். பதில் இல்லை. நான் யார் முகத்தில் போய் விழிப்பேன் என்று சொல்லிவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் நிருபமா போனை வைத்துவிட்டாள்.

கிரிஜா நடைபாதைச் சுவரில் சாய்ந்து நின்றாள். இருக்காது என்று முதலில் தோன்றியது. அறுபது எப்படி அதற்குள் தீரும்? அடுத்த நிமிஷமே, ஏன் தீராது என்றும் தோன்றியது. திரையில் முப்பத்தைந்து என்று காட்டிக்கொண்டே இருந்து, கண் இமைப்பதற்குள் கவிழ்ந்து விழுகிற கிழட்டு பேட்டரிகளை அவள் தினம் பார்க்கிறாள். பழைய பேட்டரி சொல்கிற கணக்கை நம்பாதீர்கள் என்று மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவளே அவள்தான். ஊருக்கெல்லாம் சொன்னவள் தன் வீட்டில் கோட்டைவிட்டாள். கேட்டானே, வாய்விட்டுக் கேட்டானே!

சிதம்பரத்தைக் கூப்பிட்டாள். அவன் எடுத்தான். பின்னால் யாரோ சுவரைத் துளைக்கிற சத்தம் கேட்டது. மீட்டர் மாற்றுகிற ஆட்களாக இருக்கும்.

"மன்னிச்சிடுங்க" என்றாள். சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது. எதிரே வந்த மாணவி ஒருத்தி தலையைக் குனிந்துகொண்டு கடந்து போனாள்.

அவள் அழுது முடிக்கும்வரை அவன் கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு, "விடு கிரி. பேட்டரிதானே" என்றான்.

கத்தியிருந்தால்கூட அவளால் தாங்கியிருக்க முடியும். அந்தச் சாந்தம்தான் அவளை உலுக்கிவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்ததைக் கேட்டாள்.

"டாக்டர் லிண்ட்னர்கிட்ட இன்னிக்குப் பதில் சொல்லணும். நான் உங்ககிட்ட சத்தியம் பண்ணியிருக்கேன். என்ன சொல்லட்டும்?"

துளைக்கிற சத்தம் நின்றது. மறுபடி தொடங்கியது. ஒத்துக்கொள் என்று ஒரு வார்த்தை அவன் சொல்லியிருந்தால் போதும், சத்தியத்தைத் தூக்கிக் கடாசிவிட்டு அவள் ஓடிப்போய்க் கையெழுத்துப் போட்டிருப்பாள். அவள் சம்பளத்தில் இருவரும் இங்கேயே இருக்கலாம். அவனும் நிதானமாக வேலை தேடலாம். மனைவி பேரில் தங்கியிருப்பது அவனுக்குக் கசக்கிறது என்பதும் அவளுக்குத் தெரியும். அதனால் அவனே சொல்லட்டும் என்று போனைக் காதோடு அழுத்திக்கொண்டு காத்திருந்தாள்.

"உன் இஷ்டம்" என்றான் சிதம்பரம்.

இஷ்டமாம். அவன் வாய்ப்பைக் கெடுத்தவளுக்கு இஷ்டம் ஒரு கேடா என்று கிரிஜா தன்னைத்தானே திட்டிக்கொண்டு நேராக டாக்டர் லிண்ட்னரின் அறைக்குப் போனாள்.

குடும்பத்தோடு ஊருக்குத் திரும்புகிறோம் என்று சொன்னாள். டாக்டர் லிண்ட்னர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, நன்றாக யோசித்தீர்களா என்று கேட்டார். யோசித்தேன் என்றாள். அவர் மறுபடியும் அதையே வேறு விதமாகக் கேட்டார். அவளும் அதே பதிலைச் சொன்னாள். அப்படியானால் அடுத்தவருக்கு இன்றே சொல்லிவிடுவேன், உங்களை இழப்பது எங்களுக்கு வருத்தம் என்று எழுந்து கை கொடுத்தார். அந்தக் கையின் வெதுவெதுப்பு கிரிஜாவின் விரலில் கொஞ்ச நேரம் இருந்தது. அரை நாள் லீவு சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்தாள்.

*

அவள் வீட்டுக்கு வந்தபோது கரண்ட் வந்திருந்தது. சமையலறையில் நிருபமா ரசம் வைத்துக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்காமலே பேசினாள்.

"ஊரு உலகத்துக்கெல்லாம் பேட்டரி பார்க்கறவ நீ. புருஷனுக்கு ஒரு நாள் நூறு போட்டுக் குடுக்கக் கூடாதா? என்ன குறைஞ்சு போயிருக்கும்?"

நிருபமா இன்னும் கொஞ்சம் பேசினாள். தம்பிக்காக ஒரு வெள்ளைக்காரனிடம் போய் நின்றதை, அவன் என் தம்பியைப் பற்றி என்ன நினைப்பான் என்பதை எல்லாம் சொன்னாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்ற கிரிஜா, நிரந்தர வேலையை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன் என்றாள்.

நிருபமாவின் கையில் இருந்த கரண்டி நின்றது.

"யாரைக் கேட்டுச் சொன்னே?"

"அவரைக் கேட்டுட்டுத்தான் அண்ணி."

நிருபமா அடுப்பை அணைத்தாள். தம்பி இருந்த அறைக் கதவைப் பார்த்தாள், இவளைப் பார்த்தாள். இரண்டு சம்பளத்தில் ஒன்று போனால் ஒன்று மிஞ்சும் என்று அவள் உள்ளூரப் போட்டுவைத்திருந்த கணக்கும் விழுந்துவிட்டது. கோட்டை மாட்டிக்கொண்டு, கொஞ்சம் காலாற நடந்துவிட்டு வருகிறேன் என்று வெளியே போய்விட்டாள்.

அறைக்குள் சிதம்பரம் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். நீலச் சட்டையைக்கூடக் கழற்றவில்லை. கிரிஜா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, சொல்லிட்டேன் என்றாள். அவன் தோள் அசைந்தது.

"அதுக்குள்ள சொல்லிட்டியா?" என்றான். "சாயங்காலம் வரைக்கும் டைம் கேட்டிருக்கலாமே."

இதை ஏன் சொல்கிறான் என்று அவளுக்குப் புரியவில்லை. கேட்கலாம் என்று வாயெடுத்தபோது போன் அடித்தது. கீர்த்தனன். அவள் கூடத்துக்கு வந்து எடுத்தாள்.

"அக்கா, லிண்ட்னர் இப்பதான் கூப்பிட்டவா. நான் ஓம் எண்டு சொல்லிப்போட்டன்" என்றான். அவன் குரல் சந்தோஷத்தை அடக்கிக்கொள்ளப் படாதபாடு பட்டது. "நீங்கள் என்னத்துக்கு விட்டனீங்கள் எண்டு நான் கேட்க ஏலாது. ஆனா மறக்கமாட்டன் அக்கா."

நன்றாக இரு தம்பி என்று சொல்லி வைத்தாள். அவன் மேல் அவளுக்குக் கோபம் துளியும் வரவில்லை. இனி யாரிடம் போய் என்ன சொன்னாலும் அந்த இடம் திரும்பக் கிடைக்காது என்பது மட்டும் அப்போதுதான் உறைத்தது.

மேஜை மேல் லேப்டாப் மூடிக் கிடந்தது.

வருத்தமோ சந்தோஷமோ, கிரிஜாவின் கைக்கு வேலை வேண்டும். செத்த பேட்டரியைச் செத்தபடி போட்டு வைப்பது இன்னும் கெடுதல். கொஞ்சமாவது ஏற்றி வைக்க வேண்டும். அப்படியே எங்கே கோளாறு என்றும் பார்த்துவிடலாம். பையைத் திறந்து சார்ஜரை எடுத்தாள். காலையில் சுருட்டியது சுருட்டியபடியே இருந்தது. சுருளைப் பிரித்துக்கொண்டே, இன்னொரு கையால் லேப்டாப்பைத் திறந்தாள்.

திரை பளிச்சென்று விழித்துக்கொண்டது.

சார்ஜர் அவள் கையில் இருந்தது. அதன் முனை எதிலும் செருகப்படவில்லை. இந்த லேப்டாப்புக்கு இந்த வீட்டில் வேறு சார்ஜர் கிடையாது. கீழே வலது மூலையில், சின்ன எழுத்தில், நாற்பத்தொன்று என்று இருந்தது.

கிழட்டு பேட்டரி பொய்க் கணக்கு சொல்லும் என்பது வாஸ்தவம். அப்படியென்றால் இப்போது திறந்ததுமே கவிழ வேண்டும். கவிழட்டும் என்று ஒரு வீடியோவை ஓடவிட்டாள், வெளிச்சத்தை முழுசாக ஏற்றினாள், கேமராவைப் போட்டாள். அவள் முகம் அவளுக்கே தெரிந்தது. நாற்பத்தொன்று நாற்பதாயிற்று. நிதானமாக முப்பத்தொன்பதாயிற்று. அறுபது போதும் என்று அவள் சொன்னது சரிதான். தாராளமாகப் போதும்.

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போய், அவன் தலைமாட்டில் வைத்தாள். சிதம்பரம் திரும்பினான். திரையைப் பார்த்தான். எழுந்து உட்கார்ந்து, இரண்டு கையாலும் முகத்தைத் தேய்த்துக்கொண்டான்.

"தானா அணையல" என்றாள் கிரிஜா.

"இல்ல."

"நீங்க மூடினீங்க."

அவன் மறுக்கவில்லை. முதல் கேள்விக்குப் பதில் சொன்னானாம். இரண்டாவதுக்கும் ஏதோ சமாளித்தானாம்.

"மூணாவது கேட்டது நான் வருஷக்கணக்கா தினம் பண்ணின வேலை கிரி. தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். ஒரு வார்த்தை வரல. மூணு பேரும் பார்த்துக்கிட்டே இருந்தாங்க. பரவாயில்லை, மெதுவா யோசிங்கன்னு சொன்னாங்க. அதைத் தாங்க முடியல. மூடிட்டேன்."

கிரிஜா சுவரோடு நின்றாள். திட்ட வேண்டும் என்று தோன்றவில்லை. வேலை போனதிலிருந்து இந்த மனிதன் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இடிந்துகொண்டிருந்ததைத் தினமும் பக்கத்தில் படுத்தும் பார்க்காமல் இருந்திருக்கிறோமே என்றுதான் இருந்தது. ஆனால் ஒன்றை மட்டும் அவளால் விழுங்க முடியவில்லை.

"காலைல போன்ல கேட்டேனே. அப்பவாவது சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லத்தான் வந்தேன்."

"அப்புறம்?"

அவன் நீலச் சட்டையின் மேல் பட்டனைக் கழற்றினான்.

"மன்னிச்சிடுங்கன்னு அழுதே. எனக்கு அது நல்லாயிருந்துது கிரி. ரொம்ப நாளைக்கப்புறம், தப்பு என் மேல இல்லைன்னு ஒருத்தர் சொல்றாங்க. கொஞ்ச நேரம் அப்படியே இருந்துட்டு அப்புறம் சொல்லிக்கலாம்னு பார்த்தேன். அதுக்குள்ள நீ போய்ச் சொல்லிட்டு வந்துட்டே."

அவன் பொய் சொல்லவில்லை என்பது அவளுக்குத் தெரிந்தது. அதனால்தான் அவ்வளவு வலித்தது. அவன் கொஞ்ச நேரம் நிம்மதியாக இருந்த அந்த இடைவெளியில் அவளுடைய வேலை கீர்த்தனனுக்குப் போய்விட்டது. காலை முழுவதும், தனக்கு நிச்சயமாகத் தெரிந்த ஒரே விஷயம்கூடத் தனக்குத் தெரியாது என்று நம்பிக்கொண்டு அவள் தலை குனிந்து நின்றிருக்கிறாள். ஊருக்குப் போகலாம், இங்கேயே இருக்கலாம், எங்கே போனாலும் இனி இவன் ஒன்று சொன்னால் அதைச் சரிபார்க்காமல் அவளால் இருக்க முடியாது.

அவள் லேப்டாப்பை மூடினாள்.

*

வாசல் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. நிருபமா அவசர அவசரமாக உள்ளே வந்தாள். குளிரில் மூக்கு சிவந்திருந்தது. முகத்தில் காலையிலிருந்து இல்லாத ஒரு வெளிச்சம்.

நடக்கப் போனவள், மனசு கேட்காமல், அந்தத் தெரிந்த மனிதரைத் திரும்பவும் கூப்பிட்டுப் பேசியிருக்கிறாள். மானத்தைப் பார்க்கவில்லை, தம்பியைப் பார்த்தேன் என்றாள். அவர்கள் மெயிலைப் படித்துவிட்டார்கள். டெக்னிக்கல் கோளாறு யாருக்கும் வரும், நாளைக் காலை அதே நேரத்துக்கு விட்ட இடத்திலிருந்து தொடரலாம் என்று சொல்லிவிட்டார்கள்.

"உன்னை வாய்க்கு வந்தபடி பேசிட்டேன் கிரிஜா. மனசுல வெச்சுக்காதே" என்று அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். குளிர்ந்த கை. "லேப்டாப்பை இப்பவே சார்ஜ்ல போடு. இந்தத் தடவை நூறு."

சிதம்பரம் அறை வாசலில் வந்து நின்றான். அவன் முகம் வெளிறிப்போயிருந்தது. விட்ட இடத்திலிருந்து என்றால், அந்த மூன்றாவது கேள்வியிலிருந்து.

"வேணாம்க்கா" என்றான். "அந்த பேட்டரி இனி தேறாது. நாளைக்கும் பாதியில போயிடும். கிரிஜா இப்பதான் டெஸ்ட் பண்ணிப் பார்த்தா. அவளையே கேளு."

நிருபமா திரும்பினாள். சிதம்பரமும் பார்த்தான். கல்யாணமான நாளிலிருந்து அவன் அவளிடம் எதற்கும் அப்படிக் கண்ணால் கெஞ்சியதில்லை.

உண்மையைச் சொல்ல ஒரு நிமிஷம் போதும். மேஜைக்குக் கொண்டுவந்து திறந்து காட்டினால் முடிந்தது. அதற்கப்புறம் அக்காவின் முகத்தை அவன் எப்படிப் பார்ப்பான்? இவ்வளவு நாளும் தம்பிக்கு நேரம் சரியில்லை என்று மட்டும் நினைத்துக்கொண்டிருக்கிற அந்த முகத்தை?

"ஆமாம் அண்ணி. தேறாது" என்றாள் கிரிஜா.

ஒரு பேட்டரியைப் பற்றி அவள் வாயிலிருந்து வந்த முதல் பொய் அது. இவ்வளவு சுலபமாக வந்ததே என்று அவளுக்கே பயமாக இருந்தது.

நிருபமா ஒரு விநாடி யோசித்தாள். பிறகு சிரித்துவிட்டாள்.

"அட, இவ்வளவுதானே?"

தன் பெட்டியைத் திறந்து, துணிகளுக்கு நடுவிலிருந்து ஒரு புது லேப்டாப்பை எடுத்தாள். மேஜை மேல் தம்பிக்கு எதிரே வைத்துத் திறந்தாள். போன மாதம் வாங்கியது, என்னுடைய சொந்தம், நூறு சதவீதம் இருக்கிறது, வீட்டில் கரண்டும் இருக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். நாளைக்கு லீவையும் நீட்டிவிடுகிறேன் என்றாள்.

"நீ பேசி முடிக்கிற வரைக்கும் பக்கத்து நாற்காலியிலேயே உட்கார்ந்திருக்கேன்டா. எது அணையுதுன்னு பார்த்துடறேன்."

சிதம்பரம் அந்த லேப்டாப்பைத் தொடவில்லை. கிரிஜாவைப் பார்த்தான். இன்னொரு பொய் கேட்கிற பார்வை அது. கிரிஜா தலையைத் திருப்பிக்கொண்டு, ஆறிப்போன ரசத்தைச் சூடு பண்ணச் சமையலறைக்குப் போனாள்.